கந்தோர் மின்னஞ்சலை உங்கள் போனில் இணைப்பது எப்படி: புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

மட்டக்களப்பில் புதிதாக வேலைக்குச் சேரும் ஒருவருக்கு முதல் வாரத்திலேயே ஒரு கந்தோர் மின்னஞ்சல் முகவரியும், கடதாசித் துண்டொன்றில் எழுதிய கடவுச்சொல்லும் கிடைத்துவிடும். "போனிலயும் போட்டுக்கொள்ளுங்க" என்று யாராவது சொல்லிவிட்டுப் போவார்கள். எப்படிப் போடுவது என்று சொல்ல ஆள் இருக்காது. அந்தப் பிள்ளை இரவு வீட்டில் இருந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஐந்தாறு முறை பிழையான கடவுச்சொல் அடித்து, கணக்குப் பூட்டுப்பட்டு, மறுநாள் காலையில் முகம் வாடி வந்து நிற்கும்.

மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பல கந்தோர்களில் இதைச் செய்து கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: போனில் பிழை இருப்பது அரிது. தன் கந்தோரின் சேர்வர், அதாவது மெயில்களை வாங்கி வைத்து அனுப்பும் கணினி, எந்த வகை என்று தெரியாமலே தொடங்கிவிடுவதுதான் பெரும்பாலான சிக்கலுக்குக் காரணம். அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டால் மீதி வேலை கால் மணித்தியாலம்.

போனைத் தொடுவதற்கு முன்

உங்கள் கந்தோரில் கணினி வேலைகளைப் பார்ப்பவரிடம் போய்க் கேளுங்கள். சிறிய கந்தோரில் அது கணக்காளராகவோ முகாமைத்துவ உதவியாளராகவோ இருக்கலாம். "இது கூடவா தெரியாது" என்று நினைப்பார்கள் என்று தயங்க வேண்டாம். கேட்காமல் செய்து கணக்கைப் பூட்டிக்கொண்டால் அவருக்குத்தான் வேலை கூடும். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: நமது மின்னஞ்சல் மைக்ரோசொப்டில் ஓடுகிறதா, கூகுளிலா, அல்லது சொந்தச் சேர்வரிலா? பயனர் பெயர் என்று கேட்கும் இடத்தில் முழு முகவரியையும் போட வேண்டுமா, முன்பகுதி மட்டுமா? இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, அதாவது கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு உறுதிப்படுத்தல், உண்டா? சொந்தப் போனில் போட அனுமதி உண்டா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நோயாளர் விபரம், சிறுவர் பாதுகாப்பு, பயனாளிகளின் அடையாள அட்டை இலக்கம் என்று கையாளும் இடங்களில் சொந்தப் போனில் கந்தோர்க் கடிதங்களை வைத்திருக்கக் கூடாது என்று விதி இருக்கலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நிறுவனங்கள் இதில் முன்பைவிடக் கவனமாக இருக்கின்றன.

கேட்க ஆள் இல்லையென்றால், கந்தோர்க் கணினியில் மற்றவர்கள் மெயில் பார்க்கும் பக்கத்தைக் கவனியுங்கள். அவுட்லுக் என்று மேலே இருந்தால் பெரும்பாலும் மைக்ரோசொப்ட். உங்கள் சொந்த ஜிமெயிலைப் போலவே இருந்தால் கூகுள். ரவுண்ட்கியூப், ஸிம்ப்ரா என்ற பெயர்களோ, வெறுமனே வெப்மெயில் என்றோ இருந்தால் சொந்தச் சேர்வர்.

அடுத்தது, நான் யாரையும் தாண்டிப் போக விடாத படி. உங்களுக்குத் தந்த கடவுச்சொல்லைக் கொண்டு முதலில் பிரவுசரில் உள்ளே போய்ப் பாருங்கள். புதியவர்களுக்குத் தருவது பெரும்பாலும் தற்காலிகக் கடவுச்சொல். முதல் தடவை நுழையும்போது "மாற்று" என்று கேட்கும். போனிலுள்ள பல மெயில் செயலிகளுக்கு அதைக் கேட்டு மாற்றத் தெரியாது. "கடவுச்சொல் பிழை" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லும். பிரவுசரில் மாற்றி, ஒரு தடவை வெளியே வந்து, மீண்டும் நுழைந்து சரிபார்த்த பிறகே போனை எடுங்கள்.

போனிலும் இரண்டு விடயங்களைப் பார்க்க வேண்டும். திகதியும் நேரமும் தானாக அமையும்படி இருக்கட்டும். சேர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் இந்தத் திகதி முதல் அந்தத் திகதி வரை செல்லும் என்று எழுதப்பட்டிருக்கும். போனின் நாள் தவறினால் நல்ல சான்றிதழையும் போன் ஏற்காது. 30 செக்கனுக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கச் சரிபார்ப்புக் குறியீடும் நேரம் பிசகினால் பொருந்தாது. அடுத்தது திரைப் பூட்டு. பூட்டு இல்லாத போனில் கந்தோர் மெயிலைப் போட வேண்டாம். பல சேர்வர்கள் விடவும் மாட்டா.

மைக்ரோசொப்ட் என்றால்

பிளே ஸ்டோரிலோ அப் ஸ்டோரிலோ அவுட்லுக் செயலியை இறக்குங்கள். முகவரியை அடித்தால் அது தானே உங்கள் கந்தோரின் நுழைவுப் பக்கத்துக்குக் கூட்டிப் போகும். சேர்வர் பெயர், போர்ட் எண் (சேர்வரின் வாசல் இலக்கம்) எதுவும் தேவையில்லை. கடவுச்சொல்லைக் கொடுத்ததும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக் கேட்டால் ஒதென்டிகேட்டர் என்ற செயலியையும் இறக்க வேண்டும். நுழைவுப் பக்கத்தில் இரண்டு இலக்க எண் ஒன்று தோன்றும். அதை ஒதென்டிகேட்டரில் அடிக்க வேண்டும். நீங்கள் நுழையாத நேரத்தில் அப்படியொரு கேள்வி போனில் வந்தால், உங்கள் கடவுச்சொல் வேறு யாரிடமோ இருக்கிறது என்று அர்த்தம். மறுத்துவிட்டு உடனே கந்தோருக்குச் சொல்லுங்கள்.

போனை நிறுவனத்தில் பதிவுசெய்ய, சில நிறுவனங்கள் அண்ட்ரொயிட் போனில் கொம்பனி போர்ட்டல் என்ற இன்னொரு செயலியையும் போடச் சொல்லும். ஐபோனில் அந்த வேலையை ஒதென்டிகேட்டரே செய்துவிடும். இவற்றை நீங்கள் தேடிப் போட வேண்டியதில்லை. தேவையென்றால் அவுட்லுக்கே கேட்கும்.

பழைய போனின் மெயில் செயலியில் முகவரியும் கடவுச்சொல்லும் மட்டும் கொடுத்து முயல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மைக்ரோசொப்டின் இணையச் சேவையில் அந்த முறையை 2022 ஒக்டோபர் 1 முதல் நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள். எத்தனை தடவை சரியாக அடித்தாலும் உள்ளே விடாது. கடவுச்சொல்லைச் சந்தேகிக்காமல் செயலியை மாற்றுங்கள்.

கூகுள் என்றால்

இதுதான் மிக இலகு. ஜிமெயில் செயலியில் மேல்மூலையிலுள்ள உங்கள் படத்தைத் தட்டி, இன்னொரு கணக்கைச் சேர்க்கும் இடத்தில் கூகுளைத் தெரிவுசெய்து, கந்தோர் முகவரியைக் கொடுங்கள். கூகுளிலும் வெறும் கடவுச்சொல்லோடு மற்றச் செயலிகள் நுழையும் வழி நிறுவனக் கணக்குகளுக்கு 2025இல் மூடப்பட்டது.

சில நிறுவனங்களில் அண்ட்ரொயிட் போனில் வேலைக்கென்று தனிப்பகுதி ஒன்று உருவாகும். அங்குள்ள செயலிகளின் படத்தில் சின்னதொரு கைப்பெட்டி தெரியும். அது நல்லது. கந்தோர்க் கடிதங்கள் அந்தப் பெட்டிக்குள், உங்கள் பிள்ளையின் பிறந்தநாள் படங்கள் வெளியில் என்று இரண்டும் கலக்காது.

சொந்தச் சேர்வர் என்றால்

நமது பக்கத்தில் சிறிய நிறுவனங்களும் சங்கங்களும் இணையத்தளம் வாங்கிய இடத்திலேயே மெயிலையும் வைத்திருப்பது வழக்கம். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கடிதத்தை எடுப்பதற்கு ஒரு வாசல், அனுப்புவதற்கு வேறொரு வாசல். போன் இரண்டையும் தனித்தனியே கேட்கும். எடுக்கும் வாசலுக்கு ஐமாப் (IMAP), பொப் (POP) என்று இரண்டு முறைகள் உண்டு. ஐமாப்பில் கடிதங்கள் சேர்வரிலேயே இருக்கும். போனும் கணினியும் அதே பெட்டியைத்தான் பார்க்கின்றன. ஒன்றில் வாசித்தால் மற்றதிலும் வாசித்ததாகத் தெரியும். பொப் முறை கடிதத்தைப் போனுக்குள் இறக்கிவிடும். சில போன்களில், இறக்கியதும் சேர்வரிலிருந்து அழித்துவிடும்படியும் அமைந்திருக்கும்.

வெளிக்கள வேலை செய்யும் தங்கச்சி ஒருவரின் போனில் யாரோ பொப் முறையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நாலு மாதக் கடிதங்களும் அந்த ஒரு போனுக்குள். மண்டூருக்குப் போக குருமண்வெளித் துறையில் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், ஏறும்போது போன் வாவிக்குள் விழுந்துவிட்டது. புதுப் போனோடு என்னிடம் வந்தார். இணைத்துப் பார்த்தோம், பெட்டி வெறுமை. சேர்வரில் ஒரு கடிதமும் இல்லை. பயனாளிகள் அனுப்பிய படிவங்களை அவர் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்க வேண்டி வந்தது. அன்றிலிருந்து பொப் முறையை நான் யாருடைய போனிலும் போடுவதில்லை. நீங்களும் போட வேண்டாம். ஐமாப் மட்டும்.

1. அண்ட்ரொயிட்டில் ஜிமெயில் செயலிக்குள் கணக்குச் சேர்க்கும் இடத்தில் "அதர்" என்பதைத் தெரிவுசெய்து முகவரியைக் கொடுங்கள். ஐபோனில் செற்றிங்ஸுக்குள் மெயில் பகுதியிலுள்ள கணக்குகளில் அதே "அதர்". புதிய ஐபோன்களில் மெயில் பகுதி "அப்ஸ்" என்பதற்குள் இருக்கிறது.

2. எந்த வகை என்று கேட்டால் ஐமாப்.

3. எடுக்கும் சேர்வரின் பெயரைக் கந்தோரில் தந்தபடியே அடியுங்கள். போர்ட் 993, பாதுகாப்பு (கடிதத்தை வழியில் பிறர் வாசிக்காதபடி மறைக்கும் முறை) எஸ்.எஸ்.எல். (SSL) அல்லது ரி.எல்.எஸ். (TLS).

4. அனுப்பும் சேர்வருக்கு, அதாவது எஸ்.எம்.ரி.பி.க்கு, போர்ட் 465 என்றால் எஸ்.எஸ்.எல்., 587 என்றால் ஸ்டார்ட்-ரி.எல்.எஸ். எண்ணும் வகையும் சோடியாகப் பொருந்த வேண்டும். மாற்றிப் போட்டால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

5. அனுப்பும் சேர்வருக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். "விருப்பமிருந்தால்" என்று அங்கே எழுதியிருக்கும். வெறுமையாக விட்டுவிடாதீர்கள்.

சில போன்கள் போர்ட் எண்ணை ஆரம்பத்தில் கேட்காது. பிறகு அந்தக் கணக்கின் செற்றிங்ஸுக்குள் போனால் தெரியும்.

"மெயில் வருகுது, ஆனா போகுதில்லை" என்று வருபவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஐந்தாவது படி விடுபட்டிருக்கும். மீதிப் பேரில் பலருக்குப் போர்ட் 25 போட்டிருக்கும். அது சேர்வரும் சேர்வரும் தமக்குள் பேசும் வாசல். பல இணைய நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பக்கம் அதை அடைத்து வைத்திருக்கும். கந்தோர் வை-பையில் போய், வீதிக்கு வந்ததும் நின்றுவிட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

கடவுச்சொல் அடிக்கும்போது போன் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்குகிறதா, முகவரியைத் தெரிவுசெய்யும்போது கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு வெற்றிடத்துக்காக ஒரு பின்னேரம் முழுவதும் செலவழித்திருக்கிறேன்.

இரண்டு முறை பிழைத்தால் நிறுத்துங்கள். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், தொடர்ந்து பிழையான கடவுச்சொல் வந்தால் பல சேர்வர்கள் அது வந்த இணைய முகவரியையே தடுத்துவிடும். கந்தோர் வை-பையில் இருப்பவர்கள் எல்லோரும் வெளியே ஒரே முகவரியாகத்தான் தெரிவார்கள். நீங்கள் ஒருவர் தட்டிக்கொண்டிருக்க, பணிப்பாளர் உட்பட முழுக் கந்தோருக்கும் மெயில் நின்றுபோகும். முதல் முயற்சியை உங்கள் சிம் டேட்டாவில் செய்வது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

சான்றிதழில் நம்பிக்கை இல்லை என்று எச்சரிக்கை வந்தால், எல்லாச் சான்றிதழையும் ஏற்கும் தெரிவைத் தட்ட வேண்டாம். பஸ் நிலையத்திலோ கடையிலோ இலவச வை-பையில் இருக்கும்போது யாராவது இடையில் நின்று உங்கள் கடவுச்சொல்லைப் பிடித்துக்கொள்ள அது வழிவிடும். எச்சரிக்கையைப் படமெடுத்துக் கந்தோரில் காட்டுங்கள். பெரும்பாலும் சேர்வர் பெயரில் ஓர் எழுத்துப் பிசகியிருக்கும், அல்லது சான்றிதழைப் புதுப்பிக்க மறந்திருப்பார்கள்.

சொந்தச் சேர்வர்க் கணக்கை அவுட்லுக் செயலியிலும் போடலாம். ஆனால் அப்படிப் போட்டால் உங்கள் கடிதங்கள் மைக்ரோசொப்டின் சேர்வர் வழியாகவே போனுக்கு வரும். மறைவாக வைக்க வேண்டிய விடயங்களைக் கையாளும் கந்தோர் அதை விரும்பாமல் போகலாம். நேரடியாகப் பேசும் செயலி வேண்டுமென்றால், அண்ட்ரொயிட்டில் 2024இல் வெளிவந்த தண்டர்பேர்ட் நல்லது, இலவசம்.

கந்தோருக்குள்ளேயே எக்ஸ்சேஞ்ச் சேர்வர் இருந்தால்

சில பெரிய நிறுவனங்கள் மைக்ரோசொப்டின் எக்ஸ்சேஞ்ச் என்ற மெயில் மென்பொருளைத் தங்கள் சொந்த இயந்திரத்தில் வைத்திருக்கின்றன. அங்கே கணக்கு வகையாக எக்ஸ்சேஞ்ச் என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். சேர்வர் பெயரோடு டொமைன் (கந்தோர் வலையமைப்பின் பெயர்) என்றும் ஒன்று கேட்கும். இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

போனோடு வரும் மெயில் செயலியில் இப்படி இணைக்கும்போது ஒரு திரை வரும். இந்தப் போனின் நிர்வாகத்தில் ஒரு பங்கைச் சேர்வருக்குக் கொடுக்கிறீர்களா என்று கேட்கும். அதிலுள்ள பட்டியலில் எல்லாத் தரவையும் அழிக்கும் உரிமையும் இருக்கும். எல்லோரும் வாசிக்காமல் சம்மதத்தைத் தட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அந்தத் திரையை மட்டும் நின்று வாசியுங்கள். போன் தொலைந்தாலோ நீங்கள் வேலையை விட்டாலோ கந்தோரிலிருந்து ஓர் ஆணை அனுப்பி உங்கள் முழுப் போனையும் வெறுமையாக்க அந்தச் சம்மதம் இடம்கொடுக்கலாம். குடும்பப் படங்கள், வாட்ஸ்அப் எல்லாம் அதோடு போகும். அவுட்லுக் செயலி வழியாக இணைத்தால் அதே ஆணை அவுட்லுக்குக்குள் இருப்பதை மட்டுமே அழிக்கும். தெரிவு உங்கள் கையில் இருந்தால் அவுட்லுக்கையே எடுங்கள். படங்களையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

இணைத்த பிறகு சோதிப்பது

வை-பையை நிறுத்திவிட்டு, கந்தோர் முகவரியிலிருந்து உங்கள் சொந்த முகவரிக்கு ஒரு படத்தோடு கடிதம் அனுப்புங்கள். வந்ததா? அதற்குப் பதில் அனுப்புங்கள். அது கந்தோர்ப் பெட்டிக்கு வந்ததா? பிறகு கணினியில் போய், போனிலிருந்து அனுப்பியது அனுப்பியவைப் பெட்டியில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் போன் தனியாக ஒரு பெட்டியை உண்டாக்கி அதில் போட்டுக்கொண்டிருக்கிறது. கணக்கின் செற்றிங்ஸில் சேர்வரின் பெட்டியைக் காட்டிவிடுங்கள்.

நமது கந்தோர்களுக்கே உரிய ஒன்றும் இருக்கிறது. தமிழ்க் கடிதம் ஒன்று இணைப்பாக வரும், கணினியில் அழகாகத் தெரியும், போனில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். மெயில் பிழையல்ல. அது பாமினி எழுத்துருவில் அடித்த கடிதம். போனில் அந்த எழுத்துரு இல்லை. அனுப்பியவரிடம் பி.டி.எப். ஆக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் எழுதும்போது, போனிலும் கணினியிலும் ஒரேபோலத் தெரியும் யூனிகோடில் எழுதுங்கள்.

பற்றரியும் சிக்னலும்

புதிய கடிதம் வந்ததும் சேர்வரே போனைத் தட்டி எழுப்புவது ஒரு முறை. போன் குறித்த நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பது மற்ற முறை. முதல் முறையே நல்லது. ஆனால் பல போன்கள் பற்றரியைச் சேமிக்கிறோம் என்று மெயில் செயலியை உறங்க வைத்துவிடும். திறந்தால்தான் கடிதம் வரும். சம்சுங்கில் உறங்கும் செயலிகள் என்ற பட்டியலிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். ஷாவோமியில் தானாகத் தொடங்குவதற்கு அனுமதி கொடுங்கள். மற்றவற்றில் பற்றரிப் பகுதியில் அந்தச் செயலிக்குக் கட்டுப்பாடு இல்லை என்று வையுங்கள்.

எத்தனை நாள் கடிதங்களைப் போனில் வைப்பது என்று கேட்டால் ஒரு மாதம் போதும். பழையவை சேர்வரில் இருக்கும், தேடினால் வரும். இணைப்புகளை வை-பையில் மட்டும் தானாக இறக்கும்படி வைத்தால் மாதக் கடைசியில் ரீலோட் போட ஓட வேண்டியதில்லை.

வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வெளிக்களத்துக்குப் போகிறவர்கள் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களை அறிவார்கள். அங்கே அனுப்பு என்று தட்டினாலும் கடிதம் அனுப்பக் காத்திருக்கும் பெட்டிக்குள் தங்கியிருக்கும். அறிக்கைக்குக் கடைசி நாள் என்றால் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் அந்தப் பெட்டி வெறுமையா என்று ஒருமுறை திறந்து பாருங்கள். பெரிய படங்களை அப்படியான இடத்திலிருந்து அனுப்ப முயல வேண்டாம்.

பிறகு வரும் நாட்களில்

கணினியில் கடவுச்சொல்லை மாற்றினால் அதே நிமிடம் போனிலும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் போன் பழைய கடவுச்சொல்லோடு சில நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். உங்கள் கணக்குப் பூட்டுப்படும், ஏன் என்றும் தெரியாது. அலுமாரியில் கிடக்கும் பழைய போனிலும் கணக்கு இருந்தால் அதுவும் தட்டும். போனை மாற்றும்போது பழையதிலிருந்து கணக்கை நீக்க மறக்க வேண்டாம்.

"உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே தட்டி உறுதிசெய்யுங்கள்" என்று வரும் கடிதங்களில் கவனம் வேண்டும். போனின் சிறிய திரையில் அனுப்பியவரின் பெயர் மட்டும்தான் தெரியும். பெயரைத் தட்டினால் உண்மையான முகவரி வரும். அது உங்கள் கந்தோர் முகவரியின் பின்பகுதியோடு ஒத்துப் போகாவிட்டால் எதையும் தட்டாமல் கந்தோரில் சொல்லுங்கள். ஒத்துப்போனாலும் கடவுச்சொல் கேட்டால் ஒரு அழைப்பு எடுத்துக் கேளுங்கள்.

போன் தொலைந்தால் முதல் அழைப்பு கந்தோருக்கு. இரவென்றாலும் காலை வரை பொறுக்க வேண்டாம். அவர்கள் அங்கிருந்து அந்தப் போனை வெட்டிவிட முடியும். அடுத்தது கடவுச்சொல், அதற்கடுத்தது சிம்மை நிறுத்துவது. சரிபார்ப்புக் குறியீடு குறுஞ்செய்தியில் வரும்படி வைத்திருப்பவர்களுக்கு சிம்மை நிறுத்துவதும் அவசரம்தான்.

வேலையை விட்டுப் போகும்போது, கடைசி நாளன்று, செற்றிங்ஸில் அந்தக் கணக்கை நீங்களே நீக்குங்கள். செயலியை மட்டும் அழித்தால் சில போன்களில் கணக்கு உள்ளே தங்கிவிடும். ஒதென்டிகேட்டரிலும் அந்த வரியை எடுத்துவிட்டு, கணினி பார்ப்பவரிடம் நீக்கிவிட்டதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.